அவளும் கையொப்பம் வைத்தவள்தானே?

நோன்புக்கு முந்திய மாதம் எமதூர் நூலக மண்டபத்தில் ஒரு கவிதைத் தொகுப்பின் வெளியீடு நடந்தது. தொகுப்பில் பாதி ஈராக்கைப் பற்றியது. பேசிய நால்வரும் அமெரிக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டில் நியாயம் இருந்தது. நன்றியுரைக்கு முன்னர் ஐந்து நிமிடம் பேசக் கிடைத்த நான், அந்தக் கொள்ளையை அந்தப் படையின் அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே மறித்த ஒரு பெண்மணியின் பெயரைச் சொன்னேன். பனட்டின் கிறீன்ஹவுஸ். பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசையிலிருந்த நண்பர் எழும்பினார். நல்ல கவிஞர் அவர். அதனால்தான் எனக்குக் கோபம். "அந்தக் கொந்தராத்தில அவளும் கையொப்பம் வைச்சவள்தானே மாஸ்டர்?" என்றார். மண்டபம் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர், "ஈராக்கை அழிச்ச படைக்குக் கணக்குப் பார்த்தவளுக்கு நாம ஏன் மாலை போடணும்?" என்றார். கைதட்டினார்கள். அஸருக்கு நேரமாகிவிட்டதென்று ஒலிவாங்கியும் என் கையிலிருந்து போய்விட்டது.

இரண்டும் லேசான கேள்விகளல்ல. ஆனால் கேட்டவர்கள் பதிலுக்காகக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தின் ரேவில் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. பிரபல கூடைப்பந்து வீரர் எல்வின் ஹேஸின் சகோதரி. தொழில்வாழ்க்கையின் ஆரம்பத்தில் கணித ஆசிரியை. (இதை வாசித்த அன்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் வந்ததை மறைக்க மாட்டேன்.) 1997இல் அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படையணியில் கொள்வனவு ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பான தலைமைச் சிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். படையணியின் பெரிய கொந்தராத்து எதுவும் அவரது மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த மேசை எதற்காகப் போடப்பட்டது என்றால், 1984இல் அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின்படி அரசு பொருள் வாங்கும்போது போட்டி இருக்கவேண்டும். பலரும் விலை போடவேண்டும். போட்டி இல்லாமல் ஒருவருக்கே கொடுப்பதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் எழுதி, அதன் கீழே பொறுப்பானவர் கையொப்பமிட வேண்டும். அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணங்களில் ஒன்று 'அவசரம்'. இந்தச் சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2003 மார்ச் 20ஆம் திகதி ஈராக் மீதான யுத்தம் தொடங்கியது. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே, மார்ச் 8ஆம் திகதி, ஈராக்கின் எண்ணெய்க் கிணறுகளைத் திருத்தும் வேலை ஹலிபேர்ட்டனின் துணைக் கம்பனியான கே.பி.ஆருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. உச்ச மதிப்பு 7 பில்லியன் டொலர். வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. அப்போதைய உப ஜனாதிபதி டிக் செனி 1995 முதல் 2000 வரை ஹலிபேர்ட்டனின் தலைவராக இருந்தவர் என்பது எங்கள் கவிஞர்களுக்கும் தெரியும். அதைப் பாடாத கவிதை அந்தத் தொகுப்பில் இல்லை. ஆனால் கொள்ளையின் வழிமுறை அந்தப் பெயரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளை எப்படித் திருத்துவது, என்னென்ன தேவை, எவ்வளவு செலவாகும் என்ற திட்டத்தை எழுதுவதற்கு ஏற்கெனவே கூலி கொடுக்கப்பட்டிருந்ததும் இதே கம்பனிக்குத்தான். வீட்டுக்கு மதிப்பீடு எழுதிய மேசனே வீட்டையும் கட்டுவான், வேறு மேசன்மாரை வளவுக்குள் விடக்கூடாது என்பதுபோல.

பெப்ரவரி இறுதியில் பென்ரகனில் நடந்த கூட்டத்தில் இந்தக் கொந்தராத்தின் நிபந்தனைகளைப் பேசும்போது கம்பனியின் ஆட்களும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பும்படி தலைமை வகித்த ஜெனரலின் காதில் சொன்னவர் கிறீன்ஹவுஸ்தான். காலத்தைப் பற்றியும் அவர் விடாமல் நின்றார். அவசரம் என்றால் அவசரத்துக்கு ஒரு வருடம் போதும். அதற்குள் போட்டிக்கு விட்டுவிடலாம் என்பது அவர் வாதம். கையொப்பத்துக்கு வந்த காகிதத்திலோ இரண்டு வருடமும் அதற்குமேல் மூன்று வருட நீடிப்பும், ஆக ஐந்து வருடம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு நீளும் அவசரத்தை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

இனி நண்பரின் கேள்வி. ஆம், கையொப்பம் வைத்தார். யுத்தம் வாசலில் நின்றது. கிணறுகள் பற்றி எரியும் என்று எல்லோரும் பயந்தார்கள். 1991இல் குவைத்தில் எரிந்ததை உலகம் பார்த்திருந்தது. அவர் கையொப்பம் வைத்தார். ஆனால் கையொப்பத்துக்குப் பக்கத்தில் பேனையால், தன் கையெழுத்தில், போட்டியில்லாத இந்த ஏற்பாட்டை ஓராண்டுக்கு மேல் நீட்டினால் போட்டிக்கு இடம்கொடுக்கும் எண்ணமே உறுதியாக இல்லை என்ற தோற்றம் ஏற்படும் என்ற பொருள்பட எழுதிவைத்தார். தனிக் கடிதமாக எழுதியிருந்தால் யாராவது பைலிலிருந்து உருவியிருப்பார்கள். அந்த ஆவணத்திலேயே எழுதினார். அதைக் கிழிப்பதானால் கொந்தராத்தையும் சேர்த்துக் கிழிக்க வேண்டும். பிற்பாடு அந்தக் காகிதம் வெளியே வந்தபோது அந்த வரிதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

போதாது என்கிறீர்களா நண்பரே? கையொப்பமே வைக்காமல் எழும்பிப் போயிருக்க வேண்டுமா? இருக்கலாம். இந்த இடத்தில் நானும் முழுமையாக அவர் பக்கம் என்று சொல்ல மாட்டேன். அவர் எழும்பிப் போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் வேறொரு பேனை வந்திருக்கும், அந்தப் பேனை வரி எதையும் எழுதியிருக்காது என்பது ஒரு பதில். அது உத்தியோகத்தர்கள் எல்லோரும் சொல்கிற பதிலும்கூட என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலகத்தில், உங்கள் கையொப்பத்துக்குப் பக்கத்தில், நீங்கள் கடைசியாக ஒரு வரி எழுதியது எப்போது?

நான் எழுதவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2005. கலாசாலையிலிருந்து வெளிவந்து எனக்கு முதல் நியமனம், சுனாமி அள்ளிக்கொண்டுபோன ஒரு கரையோரப் பாடசாலை. தகரக் கொட்டிலில் வகுப்பு. ஒரு நாள் பின்னேரம் லொறியில் பிள்ளைகளுக்கான மேசை கதிரை வந்தது. பொறுப்பேற்கும் ஆசிரியர் மூவரில் நான்தான் ஆக இளையவன். காகிதத்தில் நாற்பது சோடி. நான் எண்ணினேன், கணக்குப் பாடிக்கிறவன், எண்ணாமல் இருக்க முடியாது. இருபத்தெட்டு. லொறியுடன் வந்தவர் சிரித்த முகத்தோடு, "சைன் பண்ணித் தாங்க சேர், மிச்சம் வாற கிழமை வந்திரும். அவசரத்தில ஏத்தினது" என்றார். மற்ற இருவரும் வைத்துவிட்டார்கள். ஒருவரும் என்னை மிரட்டவில்லை, ஒருவரும் எனக்குச் சந்தோசம் என்று எதுவும் தரவுமில்லை. லொறி நிற்கிறது, இருட்டுகிறது, மனிதர்கள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வைத்தேன். '28 மட்டும் கிடைத்தது' என்று எழுத இரண்டு சொல்லும் ஒரு இலக்கமும் போதும். பேனை என் கையில்தான் இருந்தது. அந்த வாற கிழமை வரவேயில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் தவணை முடியும்வரை பாயில் குனிந்திருந்து எழுதினார்கள். அவர்களில் சிலர் தாயையோ தகப்பனையோ கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள்.

அதே 2005 ஜூன் 27ஆம் திகதி வொஷிங்டனில் செனட்டின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் கூட்டிய விசாரணையில், தன் தொழில்வாழ்க்கையில் கண்ட ஆக வெளிப்படையான, ஆக முறைகேடான ஒப்பந்தத் துஷ்பிரயோகம் இது என்று கிறீன்ஹவுஸ் சாட்சியம் சொன்னார். வாயை மூடியிருப்பதே உமக்கு நல்லது என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் அதைப் பல வருடம் கழித்து வாசித்தபோது மாதத்தைக் கணக்குப் பார்த்தேன். அதனால்தான், நண்பரே, "அவளும் கையொப்பம் வைத்தவள்தானே" என்று நீங்கள் சொன்னபோது மண்டபத்தில் எல்லோரும் சிரிக்க எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது கேள்வி: ஈராக்கை அழித்த படையின் உத்தியோகத்தர் அவர், அந்தக் கணக்கு எமக்கு எதற்கு? இந்தக் கேள்விக்குக் கைதட்டியவர்கள் அது யாருடைய பணம் என்று விசாரித்ததில்லை. 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1483ஆம் இலக்கத் தீர்மானத்தின் கீழ் ஈராக் அபிவிருத்தி நிதியம் என்று ஒன்று உருவானது. ஈராக்கின் எண்ணெய் விற்ற பணம் அதற்குள் போனது. ஆக்கிரமிப்பு நிருவாகம் அதைச் செலவழித்தது. கே.பி.ஆரின் எண்ணெய்க் கொந்தராத்துக்கான கொடுப்பனவில் பெரும்பகுதி போனது இந்த நிதியத்திலிருந்துதான். கிணறு ஈராக்கியருடையது, திருத்தக் கூலியும் ஈராக்கியருடையது, விலை போட்டது மட்டும் ஹூஸ்டனில் இருந்த கம்பனி. எண்ணெய் மேல் மிதக்கும் நாட்டுக்குக் குவைத்திலிருந்து பெற்றோல் கொண்டுவந்து கலன் ஒன்றுக்கு 2.64 டொலர் வீதம் எழுதினார்கள். ஈராக்கின் சொந்த எண்ணெய்ச் சபை ஒரு டொலருக்கும் குறைவாக இறக்குமதி செய்யக்கூடியதாக இருந்த காலம் அது. 2003 டிசம்பரில் பென்ரகனின் சொந்தக் கணக்காய்வாளர்களே 61 மில்லியன் டொலர் வரை கூடுதலாக அறவிடப்பட்டிருக்கலாம் என்றார்கள். உடனே நடந்தது என்ன? விலைக்கான ஆதாரங்களைக் காட்டத் தேவையில்லை என்று கம்பனிக்கு ஒரு விலக்களிப்பு அதே மாதம் பொறியியற் படையணியிலிருந்தே போனது. அது போகவேண்டிய மேசை கிறீன்ஹவுஸின் மேசை; தன்னிடம் கேட்காமலே அது அனுப்பப்பட்டது என்றார் அவர்.

ஆகவே அந்தப் பெண்மணி தன் அரசின் பணத்தை மட்டும் காக்கவில்லை. பாக்தாத்தில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவனின் பணத்தையும் சேர்த்தே காக்க முயன்றார். எங்கள் பாஷையில் சொன்னால் அது அமானிதம். அந்தச் சொல்லை நாங்கள் மேடையில் அடிக்கடி பாவிக்கிறோம்.

பணம் எப்படிப் புழங்கியது என்பதை நம்ப முடியாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம். நியூயோர்க்கின் மத்திய ஒதுக்க வங்கியிலிருந்து ஏறத்தாழ 12 பில்லியன் டொலர் பணநோட்டாக, பிளாஸ்ரிக் சுற்றிய கட்டுகளாக, விமானத்தில் பாக்தாத்துக்குப் போனது. நிறை 363 தொன். ஈராக்கிய அமைச்சுகளுக்கென்று கொடுக்கப்பட்ட 8.8 பில்லியன் டொலருக்குப் போதிய கட்டுப்பாடு இருக்கவில்லை என்று 2005 ஜனவரியில் விசேட கணக்காய்வாளர் அறிக்கையிட்டார். ஹில்லா நகரில் மில்லியன் கணக்கான டொலர்களுக்குப் பொறுப்பாக இருத்தப்பட்ட றொபர்ட் ஸ்ரைன் என்பவர் முன்னரே மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். தெரிந்து இருத்தினார்களா, தெரியாமல் இருத்தினார்களா, இரண்டில் எது கேவலம் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. 2007இல் அவருக்கு ஒன்பது வருடச் சிறை கிடைத்தது. குவைத்தில் கொந்தராத்துகளுக்குப் பொறுப்பாயிருந்த மேஜர் ஜோன் கொக்கர்ஹாம் 9 மில்லியன் டொலருக்கு மேல் இலஞ்சம் வாங்கினார். தண்ணீர்ப் போத்தல் கொந்தராத்தும் அதில் அடக்கம். 2009 டிசம்பரில் அவருக்குப் பதினேழரை வருடம். இவர்களைச் சொல்வது சுலபம். பணப்பை பிடிபட்டது, ஆள் உள்ளே போனான். என் பிரச்சினை பணப்பை இல்லாத களவு. அங்கே எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும்.

குவைத்தின் அரிஃப்ஜான் முகாமை எடுங்கள். 2003 ஜூலையில் அங்கு நாளொன்றுக்கு 42,042 சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பரிமாறப்பட்டதோ சராசரியாக 14,053 என்று கணக்காய்வாளர்கள் கண்டார்கள். ஒருவன் சாப்பிட மூவருக்குப் பற்றுச்சீட்டு. எத்தனை பேர் வரக்கூடும் என்ற மதிப்பீட்டுக்குத்தான் விலை, வந்தவர்களை எண்ணி அல்ல, படை கேட்டதும் அப்படித்தான் என்பது கம்பனித் தரப்பின் நியாயம். காகிதத்தில் அது பிழையாகவும் இருக்காது.

என் மாமி மகன் ஒருவன் அந்த நாட்களில் குவைத்தில் இருந்தான். ஏஜென்சிக்காரன் ஹோட்டல் வேலை என்று சொல்லி அனுப்பியவன். போய் இறங்கியது ஒரு படைமுகாமின் சாப்பாட்டு மண்டபத்தில். எந்த முகாம், எந்தக் கம்பனி என்று நான் எழுதப் போவதில்லை. அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அரிஃப்ஜான் கணக்கை வாசித்துக் காட்டியபோது அவன் ஆச்சரியப்படவேயில்லை. "மச்சான், மேசை துடைச்சவன் நான். எத்தின பேர் சாப்பிட்ட எண்டு என்னக்கிட்ட ஆரும் கேட்டா?" என்றான். அங்கே இரண்டு வருடம் உழைத்து அனுப்பிய காசில் ஏஜென்சிக் கடனும் வட்டியும் போக ஒரு குசினியும் மலசலகூடமும் கட்டினான். அவன் சம்பளம் அந்தப் பற்றுச்சீட்டில் எத்தனையாவது தசமதானத்தில் வரும் என்று ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கிறீன்ஹவுஸுக்கு என்ன நடந்தது? சத்தியம் வென்றது என்று முடிக்கத்தக்க கதையல்ல இது. சேர்ந்த புதிதில் அவரது வேலையை மேலதிகாரிகள் மிகச் சிறப்பு என்று எழுதினார்கள். ஆட்கள் மாற, அதே பெண்மணியின் வேலை தரமற்றதாகிவிட்டது. 2004 ஒக்டோபரில் அவரது சட்டத்தரணி இராணுவச் செயலாளருக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வந்தது. சாட்சியம் சொல்லி இரண்டே மாதத்தில், 2005 ஓகஸ்ட் இறுதியில், உயர் சேவையிலிருந்து பதவியிறக்கப்பட்டார். வேலைத்திறன் குறைவு என்பதுதான் காரணமாம். வழக்கு ஆறு வருடம் இழுபட்டது. 2011இல் 970,000 டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தார்கள், அவர் ஓய்வுபெற்றார்.

கம்பனிக்கு? எண்ணெய்க் கொந்தராத்தில் கணக்காய்வாளர்கள் கேள்வி எழுப்பிய 263 மில்லியன் டொலரில், 10.1 மில்லியன் தவிர மீதியனைத்தையும் கொடுப்பதென்று 2006இல் இராணுவம் தீர்மானித்தது. 208 மில்லியன் டொலர் வரை ஈராக்குக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்று ஐ.நா.வின் கண்காணிப்புச் சபை 2005 நவம்பரில் பரிந்துரைத்திருந்தது, அப்படியிருந்தும்தான். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2004இல் அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம், திட்டம் எழுதும் வேலையைக் கம்பனிக்குக் கொடுத்த விதம் முறையல்ல என்றது. ஆனால் போட்டியின்றிக் கொடுத்த அந்தப் பெரிய கொந்தராத்து சட்டப்படி சரி என்றது. காரணம்? அவசரம். வாசலைத் திறந்த சாவி களவுச் சாவி, ஆனால் உள்ளே வந்தது முறைப்படிதான் என்கிற தீர்ப்பு.

சட்டப்படி சரியாயிருக்கும்போது அந்தப் பெண்மணி ஏன் தன் உத்தியோகத்தைக் கெடுத்துக்கொண்டார் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலேயே கேட்டார்கள். அவசரம் என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால், அந்தச் சொல் உண்மையா என்று பார்க்கிற வேலை யாரோ ஒருவருக்கு இருந்தேயாக வேண்டும். அந்த ஒருவர் அவர். அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான்.

ஈராக்கைப் பாடுகிற எமக்கு இன்னுமொரு வசதி இருக்கிறது: அது தூரத்தில் இருக்கிறது. யுத்தமும் ஆயுதக் கொள்வனவும் எமது நாட்டில் நடக்கவில்லையா? 2006இல் விமானப்படைக்காக உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டன. விலையும் பணம் போன வழியும் கேள்விக்குள்ளாகின. 2015க்குப் பின்னர் நிதிமோசடி விசாரணைப் பிரிவுவரை அது போனது. அந்தக் கேள்விகளை யுத்தம் உச்சத்தில் நிற்கும்போதே எழுதியவர் சண்டே ரைம்ஸின் இக்பால் அத்தாஸ். 2007இல் அவருக்கிருந்த பாதுகாப்பு அகற்றப்பட்டது. அதற்கு முன்னரே, விமானப்படைக் கொள்வனவுகளைப் பற்றி அவர் எழுதிவந்த காலத்தில், 1998 பெப்ரவரியில், மனைவியும் சிறுமகளும் இருக்கையில் ஆயுதம் தாங்கியவர்கள் அவரது வீட்டுக்குள் புகுந்து அவரை மிரட்டினார்கள். எமது சமூகத்தில் பிறந்த பத்திரிகையாளர். ஈராக்குக்கு இத்தனை கவிதை எழுதிய எமது வட்டத்தில் இந்த மனிதரைப் பற்றி அந்நாட்களில் யார் எழுதினார்கள்? நானும் எழுதவில்லை. யுத்த நேரம், பேசக்கூடாத நேரம் என்றோம். எங்கள் மொழியில் அதற்கும் அவசரம் என்றுதான் பெயர்.

நண்பரே, அமெரிக்காவைத் திட்டவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நன்றாகத் திட்டுங்கள். கொந்தராத்தின் காகிதத்தை வாசித்துவிட்டுத் திட்டுங்கள். எந்த நாளில், எந்த மேசையில், எந்தச் சொல்லின் மறைவில் அது நடந்தது என்று தெரிந்து எழுதிய கவிதைக்கு அவர்களே பயப்படுவார்கள். 'ஏகாதிபத்தியம்' என்று மட்டும் எழுதிய கவிதையால் எந்தக் கணக்காளனுக்கும் தூக்கம் கெடப்போவதில்லை.

சென்ற வருடம் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக அந்தக் கரையோரப் பாடசாலைக்குப் போயிருந்தேன். இப்போது மாடிக் கட்டடம். அலுவலக அலுமாரியில் பழைய பொருட்பதிவேடுகளைக் காட்டச் சொன்னேன். எதற்கென்று கேட்காமலே எடுத்துத் தந்தார்கள். 2005. மேசை கதிரை, சோடி, நாற்பது. மூன்று கையொப்பங்கள். என்னுடையது மூன்றாவது, அந்த வயதின் நீட்டிச் சுழித்த கையொப்பம். பக்கத்தில் 'குறிப்பு' என்றொரு நிரல் வெறுமையாக இருக்கிறது. நல்ல அகலமான நிரல்.

அடுத்த கூட்டத்தில் ஒலிவாங்கியை அஸருக்கு முன்னரே எனக்குத் தாருங்கள்.